இடம் மாறும் தூசு

சென்ற கோடையில் மதுரையிலுள்ள எங்கள் வீட்டு முன்னறைக்கு வண்ணம் பூச ஏற்பாடு செய்தோம். மேலூர்ப் பக்கத்திலிருந்து இருவர் காலைப் பேருந்தில் வந்தார்கள். சுவருக்குப் பட்டி பூசி, அது காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினர். அரை மணி நேரத்தில் அறையெங்கும் வெண்புகை சூழ்ந்தாற்போல் ஆயிற்று. அடுத்த அறையிலிருந்த என் நூல்களில் தூசு படியுமே என்று அஞ்சிக் கதவைச் சாத்தச் சொன்னேன். பக்கத்து வீட்டார் முறையிட்டதால் சன்னல்களையும் சாத்தச் சொன்னேன். அவ்விருவரும் மறுப்பின்றிச் சாத்திவிட்டு, உள்ளிருந்தே தேய்த்தார்கள்.

மாலையில் புருவமும் வெளுத்து வெளியே வந்த மூத்தவரிடம், "தூசு தொல்லையாக இல்லையா?" என்று கேட்டேன். "பழகிப்போச்சு சார்" என்றார். என் நூல்கள் தப்பின; பக்கத்து வீடு தப்பியது. தூசு எங்கே போயிற்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாம் தூய்மை என்று சொல்வது பல வேளைகளில் அழுக்கை ஒழிப்பதன்று. நமக்காகக் குரல் எழுப்பாத ஒருவரிடம் அதைத் தள்ளிவிடுவதே. கண்ணுக்குத் தெரியும் தூசு தரையில் விழுந்துவிடும். தெரியாத நுண்துகளோ நெடுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலின் ஆழம்வரை செல்லும். அதில் படிகச் சிலிக்கா கலந்திருந்தால் தீங்கு பெரிது. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறீர்?" என்றும் மருத்துவர் கேட்க வேண்டும் என இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதினார். வேலை தருவோரும் கேட்க வேண்டிய கேள்வி அன்றோ இது?

தீர்வு இல்லாமலும் இல்லை. தேய்க்கும் பலகையில் துளையிட்டு, குழாய் வழியாகத் தூசு உறிஞ்சும் எந்திரத்தோடு அதை இணைத்துவிட்டால், தூசு காற்றில் கலக்குமுன்பே பிடிபடும். ஜிப்சம் பலகைச் சுவர்களைத் தேய்ப்போரிடையே இத்தகைய கருவிகள் தூசை 80 முதல் 97 விழுக்காடு வரை குறைத்தன என்று அமெரிக்கத் தொழில்நலத் தேசிய நிறுவனம் 1999இல் அறிவித்தது. ஆனால் எந்திரத்தின் வடிகட்டி நுண்ணியதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் முன்னால் உறிஞ்சிய நுண்தூசைப் பின்னால் அறைக்குள்ளேயே அது கக்கிவிடும்.

"முகமூடி கொடுத்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். கொடுக்கத்தான் வேண்டும். ஆயினும் மதுரை வெயிலில், மூடிய அறைக்குள், அதை நாள் முழுதும் அணிந்திருக்கும் சுமை தொழிலாளியின்மேல் விழுகிறது. தூசை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்கும் செலவோ சுவரால் பயன்பெறுபவர்மேல் விழுகிறது. நீதி இரண்டாவதன் பக்கமே நிற்கிறது. "அவர்களே ஒப்புக்கொண்டார்களே" என்பதும் விடையாகாது. மறுத்தால் நாளைய வேலை போய்விடும் என்ற அச்சத்தில் பிறக்கும் பழக்கம் சம்மதம் ஆகாது. கூலி உழைப்புக்கு ஈடாகலாம், மூச்சுக்கு ஈடாகுமா?

மாடி அறை இன்னும் பாக்கியிருக்கிறது. இம்முறை சதுர அடிக்குக் கூலி பேசும்போதே கருவிக்கான செலவையும் தனியே சேர்த்துப் பேசினேன். அது பெருந்தன்மையன்று, முன்னறைக்கே நான் கொடுத்திருக்க வேண்டிய கடன். வழவழப்பான சுவரைத் தடவி மகிழும்போது, அதன் தூசு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று நாம் ஒவ்வொருவரும் ஒருமுறை கேட்டுக்கொள்வோமா?