அறியாதவன் செய்யும் தேர்வு

தேர்ந்தெடுப்பதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவோ, தேர்ந்தெடுத்துப் பயன்படுத்திய பின்னரே கிட்டுகிறது. இம்முடிச்சை நமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஒரு பொருளைக் கொண்டு சிந்திப்போம். பழகிய பொருளில் நம் விருப்பு வெறுப்புகள் முந்திக்கொள்ளும் அன்றோ?

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே பாயும் ஸ்பே ஆற்றில், இறகும் நூலும் கொண்டு கட்டிய போலிப் பூச்சியால் சால்மன் மீன் பிடிப்பது மரபு. பூச்சிக்கு எடை இல்லை என்றே சொல்லலாம்; எறியப்படுவது உண்மையில் கனத்த கயிறுதான். அக்கயிற்றை முதலில் முதுகுக்குப் பின்னே நீள வீசி, பிறகு முன்னே செலுத்துவது பொதுமுறை. ஸ்பேயின் கரைகளிலோ மேடும் மரங்களும் நெருங்கி நிற்பதால், பின்னே வீச இடமில்லை. எனவே 19ஆம் நூற்றாண்டில் அங்குள்ளோர் இரு கைகளாலும் பற்றும் நீண்ட கோலால் கயிற்றைத் தம்மருகே வில்போல் வளைத்து, அதன் நுனி நீரைத் தொட்ட கணத்தில் முன்னே உந்தினர். நீரின் பிடிப்பே கோலை வளைத்து விசை தந்தது. (இக்காரணத்தால் இதைப் புல்தரையில் நின்று செவ்வனே பழக இயலாது.) அக்காலத்து மரக்கோல்கள் 15 அடிக்கும் மேற்பட்டவை, இன்று கார்பன் இழையாலான 13 அடிக் கோலே பெரும்பாலும் போதும்.

இனி, முதற்கோல் வாங்க வரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கோலின்மேல் 7 என்று எழுதியிருக்கிறது. ஒரு கைக் கோலுக்குரிய கயிற்றில் 7 என்றால், அதன் முதல் 30 அடியின் எடை 185 கிரெய்ன், அதாவது 12 கிராம். இரு கைக் கோலில் அதே 7 என்பது பெரும்பாலும் 450 முதல் 550 கிரெய்ன் வரை, ஏறத்தாழ 30 முதல் 35 கிராம் எடையைத் தாங்கும். அது மட்டுமன்று. அமெரிக்காவின் ஸ்காஜிட் ஆற்றின் பெயர் பெற்ற கயிறு குட்டையும் கனமுமானது. கனத்த பூச்சியையும் அமிழும் நுனியையும் தூக்கிச் செல்லும். ஸ்காண்டிநேவியக் கயிறு அதைவிட நீண்டது, மெல்லியது. பழைய ஸ்பே வகையோ 60 அடியையும் எட்டும். ஒரே கோலுக்கு வகைதோறும் எடை மாறும். இங்கு எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் எண்ணை மட்டும் நம்பியவர் ஏமாறுகிறார்.

நூல்களையும் அட்டவணைகளையும் ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டு வாங்கலாமே எனில், யாழ் மீட்டியே யாழ் கற்கிறோம் என்று அரிஸ்டாட்டில் உணர்த்தியதை நினைக்க வேண்டும். ஆனால் கல்லாதவன் கையில் முதல் யாழை வைப்பது யார்? இங்கேதான் கேள்வி இடம் மாறுகிறது. எந்தக் கோல் என்பதன்று, யாரை நம்புவது என்பதே புதியவரின் உண்மையான தேர்வு. இது தன்னுரிமையைக் கைவிடுவதாகாதா? ஆகாது என்றே கருதுகிறேன். கோலைச் சோதிக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை. மனிதரைச் சோதிக்கும் ஆற்றல் உண்டு. எந்த ஆறு, எந்த மீன், பின்னே எவ்வளவு இடம் என்று கேளாமலேயே ஒரு பெயரைச் சொல்பவர், தம் விருப்பத்தைச் சொல்கிறாரேயன்றி அறிவுரை கூறவில்லை. நல்ல வழிகாட்டி, விறைப்பான விலையுயர்ந்த கோலைவிட, வளைவதைக் கை உணருமாறு மெல்ல இயங்கும் கோலையும், அதற்கெனச் செய்தவரே குறித்த எடையுள்ள கயிற்றையும் காட்டுவார். ஒரு பருவம் முழுவதும் இரண்டையும் மாற்றாதே என்றும் சொல்வார். கோல், கயிறு, கைவீச்சு மூன்றையும் ஒருங்கே மாற்றுபவர், பிழை எதனில் என்று ஒருபோதும் கண்டறிய மாட்டார்.

மரபை மீறியவர்களும் உண்டே எனலாம். டீ ஆற்றில், கெயர்ன்டன் என்னுமிடத்தில், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்தர் வுட் என்பவர், பிறரெல்லாம் நெடுங்கோல் ஏந்திய காலத்தில் 12 அடிக் கோலை ஒரு கையால் வீசினார். உண்மைதான். ஆனால் அவர் அதே நீரில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்.

இத்தேர்வு வாங்குபவரோடு முடிவதாயின் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அட்லாண்டிக் சால்மன் அருகி வருகிறது. 2023 டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக அறிவித்தது. ஸ்காட்லாந்தில் தூண்டிலில் சிக்கும் சால்மன்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மீண்டும் ஆற்றிலேயே விடப்படுகின்றன. விடுவதற்கென்றே பிடிப்பது முறையா என்பது வேறொரு வழக்கு. அதை நான் தீர்ந்ததாகக் கொள்ளவில்லை. ஆனால் பிடிப்பவர், மீனின் வலுவுக்கு ஈடாகாத மெல்லிய கோலை இன்பத்துக்காகத் தேர்ந்தால் போராட்டம் நீளும். களைத்த மீன் விடப்பட்ட பின்னும் மாளக்கூடும். பெரிய சால்மன் ஏறும் ஆற்றுக்கு எடை குறைந்த கோலைப் பரிந்துரைப்பவரிடம், அதைக்கொண்டு பிடித்த மீன்கள் கைவிட்டதும் எவ்வாறு நீந்திச் சென்றன என்று புதியவர் தயங்காமல் கேட்கலாம்.