பார்வையற்ற கடைக்காரி

"ஃபாதர், விளையாட்டிலை ஒரு கண் தெரியாத மனிசியை ஏமாத்திப்போட்டன். ரெண்டு நாளாய் மனசு ஒரு மாதிரியாய்க் கிடக்கு. இது பாவமோ?" என்று ஓர் இளைஞர் கேட்டார். சிரித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் கேட்டவரின் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை.

அவர் விளையாடியது 'அல்ரிமா நான்கு' என்ற பழைய கணனி விளையாட்டு. 1985இல் அமெரிக்காவில் றிச்சட் கரியட் என்பவர் ஆக்கியது; இன்று பணமின்றியே இணையத்தில் பெறலாம். இவ்வகை விளையாட்டில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்றுக் கதைக்குள் நுழைகிறார். ஊர் ஊராகச் செல்கிறார், மக்களுடன் உரையாடுகிறார். அவர் தெரிவு செய்வதற்கேற்பக் கதை நகர்கிறது. கரியட்டின் முந்திய விளையாட்டுக்களில் ஆடுவோர் வெற்றிக்காக ஊர்மக்களைக் கொன்றும் களவெடுத்தும் திரிந்தனர். அதை அறிந்த பின்னரே அவர் இதை வேறுவிதமாக அமைத்தார். முடிவில் கொல்லப்படவேண்டிய கொடியவன் எவனும் இதில் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், தாழ்ச்சி என்னும் எட்டுப் புண்ணியங்களில் நிறைவடைவதே குறிக்கோள். அந்நிலைக்கு, இந்து சமயத்தவரின் 'அவதாரம்' என்ற சொல்லையே அவர் பெயராக இட்டார்.

அந்தப் பெண் மூலிகை விற்பவள். விலையைச் சொல்வாள், காசை எண்ணி வைப்பது நாம். குறைத்து வைத்தாலும் அவளுக்குத் தெரியாது. காவலர் ஓடிவருவதில்லை. விளையாட்டு மாத்திரம் பேசாமல் குறித்துக்கொள்கிறது.

இவ்விளையாட்டுக்களின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறதென்று நினைக்கிறேன். நாவலின் நாயகன் பொய் சொன்னால் அவன்மீது கோபம் வரும். இங்கே 'அவன்' என்று ஒருவன் இல்லை. நமது பாஸ்காவில் யூதாசாக நடிப்பவர் முப்பது வெள்ளிக்காசை வாங்கித்தான் ஆகவேண்டும், அப்படி எழுதப்பட்டிருக்கிறது. இந்த இளைஞரை எவரும் குறைத்து வைக்கச் சொல்லவில்லை.

எனினும் அது களவல்ல என்றே சொன்னேன். அங்கே பெண்ணும் இல்லை, காசும் இல்லை. எவருக்கும் ஒரு சதம் நட்டமில்லை. சதுரங்கத்தில் காயை வெட்டுவது கொலையாகாது. ஆனால் அந்த வெட்கம் பொய்யானதன்று.

அவர் மேலும் சொன்னதுதான் என்னை அதிகம் உறுத்தியது. இரக்கக் கணக்கை ஏற்றுவதற்காகப் பிச்சைக்காரருக்கு ஒவ்வொரு பொற்காசாகக் கொடுத்து வந்தாராம். நற்செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் புண்ணியம் வளரும் என்று அரிஸ்டோட்டிலும், அவர் வழியில் புனித தோமஸ் அக்குவினாசும் கற்பித்தது உண்மை. ஆனால் எந்த நோக்கத்தோடு செய்கிறோம் என்பதையும் தோமஸ் விடவில்லை. ஏமாற்றும்போது அந்த இளைஞர் கடைக்காரியின் முகத்தையாவது பார்த்தார். பிச்சைக்காரரோ அவருக்கு ஏணிப்படி. (இதை எழுதும்போது நமது தவக்கால உண்டியல்களும் நினைவுக்கு வந்தன. அதை வேறொரு வாரத்துக்கு வைப்போம்.)

அப்படியானால் ஏமாற்றியதை என்ன செய்தீர் என்று கேட்டேன். முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பி, மறுபடி கடைக்குப் போய், முழு விலையையும் வைத்தாராம். கணனியில் அது சுலபம். பழைய குற்றம் நிகழவே இல்லை என்றாகிவிடும். பாவசங்கீர்த்தனத்தில் நாம் பெறுவது அதுவன்று. நடந்தது நடந்ததாகவே இருக்க, அதை ஒத்துக்கொண்டவனுக்கு மன்னிப்புக் கிடைக்கிறது. இராயப்பரின் மறுதலிப்பை நான்கு நற்செய்திகளும் இன்றுவரை வைத்திருக்கின்றன. அவரிடம்தான் மந்தையும் ஒப்படைக்கப்பட்டது.

"அப்போ கணக்குச் சரிதானே, பிறகென்ன?" என்றேன்.

"கணக்கிலை இப்ப ஒண்டும் இல்லை, ஃபாதர். நான் செய்தது எனக்குத் தெரியுந்தானே" என்றார்.