அழையாமல் வந்த அதிதி



“சாமி, எங்க வீட்டு பால்கனியில புறா கூடு கட்டியிருக்கு. குடும்பத்துக்கு ஆகுமா? ஏதாவது பரிகாரம் செய்யணுமா?”

உபந்நியாசம் முடிந்து மேடையை விட்டு இறங்கினால், யாராவது ஒரு சகோதரி இப்படி ஒரு கேள்வியோடு காத்திருப்பார். குளவி கூடு கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடும் என்பார்கள். ஆந்தை அமர்ந்தால் ஆகாது என்பார்கள். புறாவுக்கு ஒரு பலன், தேனீக்கு ஒரு பலன். எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிற அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன்!

முன்பெல்லாம் ஏதோ ஒரு சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவேன். ஒரு மார்கழியில் சுசீந்திரம் போய் வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. அங்கே நான் பார்த்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற சாலையில்தான் சுசீந்திரம். தாணுமாலயன் கோயில் கொண்டிருக்கும் ஊர். தாணு என்றால் சிவன், மால் என்றால் விஷ்ணு, அயன் என்றால் பிரம்மா. மூவரும் சேர்ந்து ஒரே மூர்த்தியாக அருள்கிற தலம். ஊரைச் சுற்றிலும் வயல், வயலுக்கு நடுவே குளங்கள். பக்கத்தில் தேரூர். அங்கேதான் 1876-ல் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்தார். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வருகிற பறவைகளைப் பார்க்க வெளியூர்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். 2022-ல் இந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் என்கிற உலக அங்கீகாரமும் கிடைத்தது.

அந்தக் குளக்கரையை ஒட்டித்தான் என் நண்பருடைய உறவினர் வீடு. முன்னால் திண்ணை, பின்னால் தென்னையும் வாழையுமாக ஒரு விளை. தோட்டத்தை அங்கே ‘விளை’ என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் மூத்தவர் ஒரு ஆச்சி. எண்பது வயதுக்குக் கிட்ட. மகன், மருமகள். சென்னையில் இருந்து பேறுகாலத்துக்கு வந்திருந்த பேத்தி.

அந்தப் பேத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் முறை உண்டானபோது ஐந்தாம் மாதத்திலேயே கலைந்து போயிற்று. மூன்று வருஷம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு, இது இரண்டாவது. வீட்டில் எல்லாருக்கும் வயிற்றில் நெருப்பு. ஒருவரும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகைக் கடைசியில், விளையைச் சுத்தம் பண்ண ஆள் வந்திருக்கிறார். வாழைச் சருகுகளை வெட்டி ஒதுக்கிக்கொண்டே போனவர் காலடியில் இருந்து ‘படபட’வென்று ஒரு பறவை எழும்பியிருக்கிறது. குனிந்து பார்த்தால்... புல்லும் சருகுமாக ஒரு குழி. அதில் ஒன்பது முட்டைகள்!

காட்டு வாத்து. புள்ளிமூக்கு வாத்து என்பார்கள். கறுத்த அலகு, அதன் நுனியில் மஞ்சள் பூசினாற்போல் ஒரு பொட்டு, அலகு தொடங்குகிற இடத்தில் சிவப்பாக இரண்டு புள்ளி. குங்குமம் வைத்தது போலவே இருக்கும். இது சைபீரியாவில் இருந்து வருகிற பறவை இல்லை. நம் குளங்களிலேயே பிறந்து வளர்கிற நம்மூர்க்காரி. தண்ணீருக்குப் பக்கத்தில் புல் மறைவாகத் தரையில் முட்டை இடும். தன் மார்பிலிருக்கும் மென்மையான இறகைத் தானே அலகால் பிடுங்கி, முட்டைகளுக்குக் கீழே மெத்தையாகப் போடும். இரை தேடப் போகும்போது அதே இறகை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். பிள்ளைக்குப் போர்த்திவிட்டுக் கடைக்கு ஓடுகிற தாயைப் போல!

விஷயம் தெருவில் பரவியது. அடுத்த வீட்டு அம்மாள் வந்து சொன்னாராம்: “காட்டுப் பட்சி வீட்டுல அடையப்பிடாது. அதுவும் பிள்ளைத்தாச்சி இருக்க வீடு. எடுத்து அந்தால குளத்துல விட்டிரணும்.” சென்னையில் இருந்து சம்பந்தி அம்மாளின் போன். ஜோசியரிடம் கேட்கலாம் என்று ஒருவர். “ஒன்பது முட்டை, சும்மா விடுவானேன்?” என்று இன்னொருவர்! பேத்தி யாரிடமும் பேசாமல் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆச்சி விளைக்குப் போய், தூரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாராம். திரும்பி வந்து மருமகளிடம் சொன்னது இவ்வளவுதான்:

“மக்ளே, அதுவும் பேறுகாலத்துக்கு வந்திருக்குல்லா. ஒரு பிள்ளைத்தாச்சியை உள்ள வச்சுக்கிட்டு இன்னொரு பிள்ளைத்தாச்சியை வெளிய தள்ளுனா, தாணுமாலயன் நம்மள என்னண்ணு கேப்பான்?”

சகோதரிகளே, ஆச்சி வேறு யாரையும் சொல்லாமல் தாணுமாலயனைச் சொன்னார் பாருங்கள். அந்தக் கோயிலின் தல புராணம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் மெய் சிலிர்க்கும்.

ஒரு காலத்தில் அந்த இடம் ஞானாரண்யம் என்ற வனம். அங்கே அத்திரி முனிவரும் அனுசூயா தேவியும் ஆசிரமம் அமைத்து வாழ்ந்தார்கள். முனிவர் இல்லாத நேரம் பார்த்து மூன்று அந்தணர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பசி என்றார்கள். இலை போட்டதும் ஒரு நிபந்தனை விதித்தார்கள். ஆடையின்றி வந்து பரிமாற வேண்டுமாம்! எந்தப் பெண்ணாக இருந்தாலும் என்ன செய்வாள்? கதவைச் சாத்துவாள். அது நியாயமும்கூட.

அனுசூயை கதவைச் சாத்தவில்லை. வந்தவர்களைத் திட்டவும் இல்லை. கணவரின் பாத தீர்த்தத்தை எடுத்து மூவர் மேலும் தெளித்தாள். மூவரும் பச்சைக் குழந்தைகள் ஆனார்கள். குழந்தைக்கு முன் தாய்க்கு ஏது கூச்சம்? எடுத்து மடியில் போட்டுப் பசியாற்றினாள். சோதிக்க வந்த மும்மூர்த்திகள் தொட்டிலில் கிடந்தார்கள். தேவியர் மூவரும் வந்து ‘எங்கள் கணவரைத் திருப்பிக் கொடு’ என்று கேட்க வேண்டியதாயிற்று!

திதி பார்க்காமல் வருகிறவர்தான் அதிதி. நாம் நாள் குறித்து, பத்திரிகை அடித்து அழைத்தால் அவர் விருந்தாளி. அதிதி அப்படி வருவதில்லை. நமக்குச் சௌகரியம் இல்லாத நேரத்தில், கொஞ்சம் சங்கடமான கோரிக்கையோடுதான் வருவார். ‘இவர் வந்தது நல்ல சகுனமா, கெட்ட சகுனமா’ என்று அனுசூயை பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டு இருந்தாளா, என்ன?

சரி, ஆச்சி சொல்லியாயிற்று. அதற்கப்புறம்தான் வேலையே. விளைப் பக்கம் யாரும் போகக் கூடாது. நாய்க்குச் சங்கிலி. துணி உலர்த்துகிற கொடி முன்பக்கம் மாறியது. கூட்டுக்குப் பக்கத்தில் சோறு, ரொட்டி என்று எதுவும் வைக்க விடவில்லை ஆச்சி. வைத்தால் காக்கையும் கீரியும் அல்லவா மோப்பம் பிடித்து வரும்? வாத்துக்கு வேண்டியது குளத்தில் இருக்கிறது. நம்மிடம் அது கேட்டது சோறு இல்லை, இடம். (இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படியே குற்றம்.)

நடுவில் ஒரு ராத்திரி நல்ல மழை. குளம் நிரம்பி, விளையின் கீழ்க்கோடியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கூட்டைத் தூக்கி மேட்டில் வைத்துவிடலாம் என்று மருமகள் சொல்ல, தொட்டால் தாய் கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடக் கூடும் என்று மகன் தடுத்தார். கடைசியில் அவரே அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகப் போய், கூட்டுக்கு எட்ட நின்று ஒரு வாய்க்கால் கீறி, தண்ணீரைச் சானலுக்குத் திருப்பி விட்டார். விடிகிற வரைக்கும் மழை. அந்தப் பறவை எழும்பவே இல்லை. ஜன்னல் வழியாகப் பேத்தியும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அன்றிலிருந்து அவள் கட்டிலில் சுருண்டு கிடக்கவில்லை என்று அவள் அம்மா என்னிடம் சொன்னார்.

இந்த இடத்தில் எனக்கு ரமண மகரிஷியின் ஞாபகம் வருகிறது. ஆசிரமத்தில் ஒரு நாள் ஒரு சின்னப் பறவையின் முட்டை கீழே விழுந்து விரிசல் கண்டுவிட்டது. பகவான் பதறிப் போனார். தாய்ப் பறவை என்ன பாடுபடுமோ என்று வருந்தியவர், ஒரு துணியை அந்த முட்டையில் சுற்றிக் கூட்டிலேயே வைத்தார். தினமும் எடுத்துப் பார்ப்பார், திரும்ப வைப்பார். விரிசல் கூடியது. ஒரு நாள் குஞ்சும் வெளியே வந்தது. ‘நான் உடல் அல்ல’ என்று உலகுக்கு உபதேசித்த ஞானி, ஒரு முட்டை ஓட்டின் விரிசலுக்காகப் பதறினார்!

கவிமணியும் அப்படித்தான். புத்தருடைய சரிதத்தை ‘ஆசிய ஜோதி’ என்று தமிழில் பாடியவர் அவர். தேவதத்தன் அம்பெய்து வீழ்த்திய அன்னத்தை மடியில் எடுத்து வைத்துக் காப்பாற்றிய சித்தார்த்தன் கதையை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பறவைகள் இறங்குகிற குளத்துக்குப் பக்கத்தில் பிறந்த ஒருவர் அந்தச் சரிதத்தைத் தேடிப் போய்ப் பாடினார் என்பது எனக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை.

‘ஏதோ ஒரு ஆச்சி செய்தார்’ என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஊரே இதைச் செய்கிறது. திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி தாலுகாவில் கூந்தன்குளம். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். சரணாலயம் என்றதும் வேலி போட்ட காடு என்று நினைப்போம். அங்கே வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுகிறது, நாற்றம் அடிக்கிறது, ராத்திரியெல்லாம் குஞ்சுகள் கத்துகின்றன. யாரும் விரட்டுவதில்லை. பறவைகள் வந்தால் மழை வரும், ஊர் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பறவைகள் மிரளும் என்று பட்டாசு வெடிப்பதைக்கூடத் தவிர்க்கிறார்கள். கூட்டில் இருந்து தவறி விழுகிற குஞ்சை எடுத்து வளர்த்து விடுகிறவர்களும் உண்டு. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்து அங்கே வருகிறது. கயிலையும் மானசரோவரும் இருக்கிற திபெத் பீடபூமிதான் அதற்குத் தாய்வீடு. கயிலாய யாத்திரை போக நமக்குக் கொடுத்து வைக்க வேண்டும். அங்கிருந்து புறப்பட்டது நம் ஊர்க் குளத்துக்கே வந்து இறங்குகிறது!

அடுக்குமாடியில் இருக்கிற நமக்கு விளை ஏது, குளம் ஏது என்று கேட்பீர்கள். காலையில் காக்கைக்கு ஒரு பிடி சாதம் வைக்காமல் உங்களில் எத்தனை பேர் சாப்பிடுவீர்கள்? கனுவன்று மொட்டை மாடியில் மஞ்சள் இலை போட்டுப் பிடி வைக்கிறீர்களே, அது எதற்கு? பூத யக்ஞம் என்று சாஸ்திரம் இதைத்தான் சொல்கிறது. மற்ற உயிர்களுக்குத் தினமும் செய்ய வேண்டிய கடன். பச்சரிசி மாவில் கோலம் போட்டதும் எறும்பு தின்னட்டும் என்றுதான். இப்போது கல்மாவில் போட்டுவிட்டு, எறும்பு வந்தால் மருந்து அடிக்கிறோம். அதை விடுங்கள், எங்கோ போய்விட்டேன்.

மார்கழித் திருவிழாவுக்கு நான் போய் அந்த வீட்டில் தங்கியது, தேருக்கு முந்தின நாள். விடியற்காலை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மருமகள் குரல் கொடுத்தார். ஓடிப் போய்ப் பார்த்தால், விளையின் பக்கவாட்டுச் சந்து வழியாகத் தாய் நடந்து வருகிறது. பின்னால் வரிசையாக மஞ்சளும் பழுப்புமாக ஏழு குஞ்சுகள்! எல்லா முட்டையையும் இட்டு முடித்த பிறகே இது அடைகாக்க உட்காரும். அதனால் குஞ்சுகள் ஏறக்குறைய ஒன்றாகவே பொரிந்துவிடும். ஒரே நாளில் கூட்டை விட்டுத் தண்ணீருக்குக் கிளம்பிவிடும்.

குளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சாலை. ஆச்சி முழங்கால் வலியோடு நடுரோட்டில் போய் நின்று கையை நீட்டினார். ஒரு ஆட்டோ நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக் கைகட்டி நின்றார். சுவாமி புறப்பாடு போகிற மாதிரி அத்தனை அமைதி. தாய் முதலில் தண்ணீரில் இறங்கியது. ஏழும் ‘பொத் பொத்’தென்று விழுந்து நீந்திப் போயின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டில் இரண்டு முட்டைகள் அப்படியே கிடந்தன. அதைப் பார்த்துப் பேத்தி விம்மி விம்மி அழுதாள். எதை நினைத்து அழுதாள் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வரை பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் கையில் ஏந்திப் போய், தென்னை மூட்டில் குழி தோண்டி வைத்து, ஒரு செம்பு பால் ஊற்றிவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தை மாதம் போன் வந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். ‘வாத்தைக் காப்பாற்றியதால்தான் பிள்ளை பிழைத்தது’ என்று நான் எழுத மாட்டேன். அப்படி எழுதினால் மறுபடியும் சகுனத்துக்கே அல்லவா வந்து நிற்போம்? பிரசவம் வேறு மாதிரி ஆகியிருந்தாலும் ஆச்சி செய்தது செய்ததுதான்.

வாத்து போன மறுநாள் தேரோட்டம். ராத்திரி ஆச்சியோடு சப்தாவர்ணம் பார்க்கப் போனேன். சுசீந்திரத்தில் மூன்றாம் திருவிழாவுக்கு மக்கள்மார் சந்திப்பு என்று பெயர். கோட்டாறு வலம்புரி விநாயகர், வேளிமலை முருகன் முதலான பிள்ளைகள் தாய் தந்தையரின் திருவிழாவைப் பார்க்க வந்து சேர்வார்கள். இந்த ராத்திரியில்தான் விடைபெறுவார்கள். பிரிய மனமில்லாமல் பிள்ளைகளின் வாகனம் முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருக்கும். பார்க்கிறவர்கள் கண்ணெல்லாம் கலங்கும்.

ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “சாமியளுக்கே பிரிய மனசு வரமாட்டேங்கு பாத்தேளா! நேத்து அந்த ஏழும் ஒரு எட்டு திரும்பிப் பாத்துச்சா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.