ஓதும் வாயின் தூய்மை



ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் நம்மவர்கள் பள்ளிவாசல் ஹவுளோரம் வந்து அமர்வதைப் பார்க்கிறோம். துறைமுக வேலை முடித்தவர், எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரியை வரிசையில் நிறுத்தி மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவர், காசிமேட்டில் மீன்கூடை சுமந்தவர் எனப் பலர். சிலர் கன்னத்தில் அடக்கிய புகையிலையைத் துப்பிவிட்டு, அவசரமாக ஒருதரம் கொப்பளித்து ஒளுவை முடித்துவிடுகிறார்கள். சட்டைப்பையில் மிஸ்வாக் குச்சி இருக்கத்தான் செய்கிறது. அது வெளியே வருவதோ வெள்ளிக்கிழமை மட்டும்!

சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்றில்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டாயமாக்கியிருப்போம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர்களின் முதல் வேலை அதுதான். இரவில் விழித்தெழுந்தாலும் அதுதான். இறுதி வேளையிலும் மிஸ்வாக்கை அவர்கள் நாடிப் பார்க்க, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதை மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள்.

ஏன் இத்தனை தடவை?

1683-இல் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் என்னும் துணி வியாபாரி, தாமே செய்த கண்ணாடி வில்லையால் பல் அழுக்கைப் பார்த்தபோது அதில் நுண்ணுயிர்கள் துள்ளித் திரிந்தன. பல்லே துலக்கியிராத ஒரு முதியவர் வாயில் அவை எண்ணிலடங்கவில்லை. மனித வாய்களில் சுமார் 700 வகைகள் உண்டென்று இன்று கணக்கிடுகிறார்கள். எல்லாமே பகையல்ல. கீரையிலுள்ள நைட்ரேட்டை மாற்றி, ரத்த அழுத்தம் சீராயிருக்க உதவுபவையும் நாவில் வாழ்கின்றன. தொல்லை, பல்லில் ஒட்டிப் படியும் படலத்தால்தான். துலக்கிய சில மணி நேரத்திலேயே அது மீண்டும் படியத் தொடங்கும். கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும்.

தேநீரின் சர்க்கரையை அந்தக் கிருமிகள் அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. ஈறோரம் தங்கினால் ரத்தம் கசியும். "உடம்புச் சூடு" என்று சொல்லி நம் வீடுகளில் அதை விட்டுவிடுகிறோம். அந்தப் புண் வழியே கிருமி ரத்தத்தில் கலக்கும். சிறுவயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதானவர்களுக்கு, அது வால்விலேயே குடியேறி உயிருக்கு உலை வைக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கோ இரட்டைச் சங்கடம்: ஈறு நோய் இருந்தால் சர்க்கரை அடங்காது, சர்க்கரை ஏறினால் ஈறு மேலும் கெடும்.

நோன்பில் நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து, ஹனஃபிகளிடம் அப்படியில்லை. இரு சாராரும் நம் பகுதியில் அருகருகே தொழுகிறோம். இதைச் சாக்காக வைத்து ரமலான் முழுவதும் வாயை மறந்திருக்க எந்த மத்ஹபிலும் இடமில்லை. நண்பகலுக்கு முன்பும், நோன்பு திறந்த பிறகும் நேரம் இருக்கிறதே!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடாதீர்கள்.

குச்சியின் நுனித்தோலைச் சீவி, நீரில் ஊறவைத்து, மென்று நாராக்கிக்கொள்ளுங்கள். பழைய நாரை அவ்வப்போது வெட்டிவிடுங்கள். ஆனால் மிஸ்வாக் செய்த வாயிலேயே மறுபடி புகையிலையை அடக்கினால் என்ன பயன்? குட்காவைத் தமிழக அரசு 2013-இலேயே தடைசெய்தது. வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் மந்திரித்த தண்ணீரோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை. கோட்டை ரயில் நிலையத்தருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே போய்க் காட்டுங்கள்.