ஒரு கை எழுதிய கணக்கு

நம் மளிகைக் கடைகளில் கடன் கொடுத்த காலத்தில், கடைக்காரரிடம் பேரேடு இருக்கும். வாங்குபவர் கையில் சின்ன 555 புத்தகம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு நேர். ஒருவரிடம் மட்டும் ஏடு இருந்தால் அதை நம்பலாமா? ஒரு விதவையின் நாட்குறிப்பு இக்கேள்வியை நம் முன் வைக்கிறது.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில், கவிங்டன் ஊருக்கருகே, டாலி லண்ட் என்னும் மாது தோட்டம் நடத்தி வந்தார். வடக்கே மேய்ன் மாநிலத்தில் பிறந்தவர். தெற்கே பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவர் 1858-ல் காலமானார். ஒன்பது வயது மகளும், அடிமைகளும் உடனிருக்க, 1864 நவம்பர் 19-ல் வடவர் தளபதி ஷெர்மனின் சேனையை அவர் எதிர்கொண்டார்.

சிப்பாய்கள் இறைச்சி, மாவு, வெண்ணெய், கோழி, குதிரை என யாவற்றையும் வாரிச் சென்றனர். இரவில் நாலா திக்கிலும் தீ எரிந்தது. ஒரே நாளில் 30,000 டாலர் நஷ்டம் என்று எழுதினார். அவ்வாண்டுக் கிறிஸ்மஸ் காலையில், காலுறையில் பரிசு இல்லையென்று மகள் அழுததையும் எழுதினார். 1918-ல் அக்குறிப்பு நூலாக வெளிவந்தது.

அத்தாயின் கண்ணீர் உண்மையானது. அடிமைகளை வைத்திருந்தார் என்பதற்காக அதைப் பொய்யென்று தள்ளுவது நியாயமாகாது. அடிமைமுறை முற்றும் சரியென்று தமக்குத் தோன்றியதில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆயினும் அந்த எண்ணம் எவரையும் விடுவிக்கவில்லை.

அடிமைகளின் குடிசைகளும் சூறையாடப்பட்டன. அவர்கள் ஞாயிறன்று உடுத்தும் நல்ல துணிகளைச் சிப்பாய்கள் பறித்தனர். இவற்றை வாங்க அடிமைக்கு ஏது பணம், இவை வெள்ளையர் உடைமையே என்று வாதித்தனர். ஒருவரின் பெட்டியை உடைத்துக் காசையும் புகையிலையையும் எடுத்தனர். சேனையுடன் இழுத்துச் செல்லப்படாதிருக்க ஒருவர் வீட்டுத் தரைக்கடியில் ஒளிந்தார். இதையெல்லாம் எஜமானி எழுதி வைத்தது அவருக்குப் பெருமையே.

ஆனால் ஒளிந்தவர் மனத்தில் என்ன இருந்தது? சிப்பாய்க்குப் பயமா, பெண்டு பிள்ளைகளைப் பிரியும் துயரமா? அவர் ஏட்டைப் பார்க்கலாமென்றால் ஏடே இல்லை. அடிமைக்கு எழுத்தறிவிப்பது குற்றமென்று ஜார்ஜியா 1829-லேயே சட்டமிட்டிருந்தது. உழைப்பை எடுத்ததோடு நில்லாமல், அதற்குக் கணக்கெழுதும் கையையும் கட்டிவிட்டார்கள்.

ஆகவே நாம் கருதுவது இது. துன்பம் நமக்கு நேர்ந்ததை எழுதச் சொல்லித் தரும். நம்மால் பிறர்க்கு நேர்ந்ததை எழுதச் சொல்லித் தராது. அதை நாமேதான் கற்க வேண்டும்.

நம் கடைப்பையனின் சம்பளக் கணக்கும் நம் பேரேட்டில்தான் கிடக்கிறது. எழுதுவதும் நாமே, கூட்டுவதும் நாமே. இன்றிரவு கடை அடைக்குமுன், அதை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல நமக்குத் துணிவுண்டா?