அனுபவமும் ஆய்வும்: தொழில்சார் கலாநிதிப் பட்டம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

வட்டுக்கோட்டையில் 1823 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமாரால் தொடங்கப்பெற்ற செமினறி, தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் தத்துவமும் ஒருங்கே கற்பித்த உயர்கல்விக் கூடமாக முப்பத்திரண்டு ஆண்டுகள் விளங்கியது. அதனை நேரிற் கண்ட எமர்சன் தெனன்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நிகராக வைத்து எழுதினார். அத்தகைய நிறுவனம் 1855 இல் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அன்டர்சனின் தூதுக்குழு அதன்மேற் கண்ட குறைகளுள் ஒன்று, மாணவர் சம்பளத்தை நோக்கியே ஆங்கிலம் கற்கின்றனர் என்பதாகும். கற்று முடித்தோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்ல, மிஷன் பணிக்கும் கிராமத்துக்கும் அவர்கள் பயன்படாது போயினர். மதப்பிரசாரத்தை நோக்கமாகக் கொண்டோரின் கவலை இது என ஒதுக்கிவிடலாம். ஆயின், அக்கவலையினுள்ளே மதஞ்சாராத ஓர் அறவியல் வினாவும் பொதிந்துள்ளது. பதவிக்காகக் கற்பவன் உண்மையிற் கற்கின்றானா?

அவ்வினா இன்று வேறொரு கோலத்தில் எழுந்துள்ளது. பதினைந்து, இருபது ஆண்டுகள் நிறுவனங்களை நடத்திய முகாமையாளர் பலர், நடுவயதின் பின் வியாபார நிர்வாகக் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்கின்றனர். வேலையை விடாது, மாலையிலும் வாரவிறுதியிலும் கற்று, தம் தொழிலில் எழுந்த ஒரு பிரச்சினையை ஆராய்ந்து ஆய்வேடு எழுதுவதே இப்பட்டத்தின் பொதுவான அமைப்பு. தத்துவக் கலாநிதிப் பட்டம் ஒரு துறையின் கோட்பாட்டறிவுக்குப் புதிது சேர்ப்பதை வேண்டி நிற்க, இதுவோ தொழில் நடைமுறைக்குப் புதிது சேர்ப்பதை வேண்டி நிற்கின்றது. பெயர் ஒன்றாயினும் பொருள் எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1908 இல் தொடங்கிய ஹார்வாட் வணிகப் பள்ளி நெடுங்காலம் இப்பெயரில் வழங்கிய பட்டம், பெரும்பாலும் பல்கலைக்கழக ஆசிரியராக விழைந்தோருக்கே உரியதாயிருந்தது. தொழிலிலுள்ளோருக்குரிய பட்டமாக இது பரவியது 1990களிற் பிரித்தானியாவிலாகும்.

இத்தகைய கல்வியை இழித்துப் பேசுதல் எளிது. கலாநிதி என்ற சொல்லைப் பெயரின்முன் பொறிப்பதற்கான விலையுயர்ந்த வழி எனச் சிலர் நகைப்பர். நகைப்பதற்குக் காரணமும் உண்டு. கூலிக்கு ஆய்வேடு எழுதிக் கொடுப்போர் உலகெங்கும் உளர். அவர்களை நாடுவோர் பணமுடையோரும் நேரமற்றோருமாவர். உயர் முகாமையாளர் இவ்விரண்டு இயல்பும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர். எனினும், ஒரு கல்வியை அதனுட் புகுவோரின் உள்நோக்கங் கொண்டு மதிப்பிடுதல் சரியா என்பது முதலில் ஆராயத்தக்கது. 1855 இன் தூதுக்குழு அவ்வாறே மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டின் குறையை அச்செமினறியின் மாணவரொருவரின் வாழ்க்கையே காட்டுகின்றது.

சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையிற் கற்றவர். செமினறி மூடப்பட்டு இரண்டாண்டுகளின் பின், 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதல் நடத்திய பீ. ஏ. பரீட்சையிற் சித்தியடைந்த இருவர், அவரும் அங்கு பயின்ற விசுவநாதபிள்ளையுமே. தூதுக்குழு அஞ்சியவாறே அவர் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்தார்; சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச்சாலையில் உயர்ந்தார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே சட்டம் பயின்று, நாற்பதை அணுகும் வயதில், 1871 இல், பீ. எல். பட்டமும் பெற்றார். இன்றைய சொற்களிற் கூறின், அனுபவம் வாய்ந்த நிதி நிர்வாகியொருவர் பணியிடையே பெற்ற தொழில்சார் பட்டம் அது. 1882 இல் ஓய்வு பெற்றபின் புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்வதற்கு அப்பட்டம் உதவியது. இந்த அளவில் நிறுத்தினால், தூதுக்குழுவின் கணிப்பு எழுத்துக்கெழுத்து மெய்யாயிற்று எனவே கொள்ள நேரும்.

ஆயின், தமிழுலகம் அவரை நீதிபதியாக நினைவு கொள்வதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துச் சேனாவரையர் உரை 1868 இலும், வீரசோழியம் 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்து நச்சினார்க்கினியர் உரை 1885 இலும், கலித்தொகை 1887 இலும் அவரால் அச்சேறின. முதலிரண்டும் உத்தியோக காலத்திலேயே வெளிவந்தவை என்பது கருதத்தக்கது. பகலிற் கணக்கேடுகளை ஒத்துப் பார்த்தவர், எஞ்சிய பொழுதிற் செல்லரித்த ஏட்டுப் பிரதிகளை ஒத்துப் பார்த்தார். ஏடுகளின் நிலையையும், தமக்குத் துணை புரிந்தோரையும், பாடம் துணிய இயலாமல் இடர்ப்பட்டதையும் தம் பதிப்புரைகளில் மறையாது எழுதினார். தம் முடிவு பிழையாகலாம் என்று அச்சில் ஒப்புக்கொள்வது, மேலதிகாரியாக இருந்து பழகிய ஒருவருக்கு எளிதன்று. அப்பணிக்கு எப்பல்கலைக்கழகமும் அவருக்குப் பட்டம் வழங்க முன்வந்திருக்கவில்லை. பட்டத்தின் பொருட்டுக் கற்றவரும் பட்டமின்றி ஆராய்ந்தவரும் ஒரே மனிதரே. கற்கப் புகும்போது இருந்த நோக்கம் கற்ற பின்னரும் அவ்வாறே நிற்கும் என்று எண்ணியதிலேதான் தூதுக்குழு தவறியது.

எனவே வினாவை இடம் மாற்றிக் கேட்டல் வேண்டும். முகாமையாளர் எதற்காகக் கற்க வந்தார் என்பதை விட, கற்றல் அவரிடமிருந்து எதனைக் கோருகின்றது என்பதே முதன்மையானது.

கில்பேட் றைல் 1949 இல் வெளியிட்ட தம் நூலில், ஒன்றைச் செய்யத் தெரிதலும் ஒன்றைப் பற்றித் தெரிதலும் வேறு வேறென நிறுவினார். நெடுநாள் முகாமையாளரிடம் உள்ளது பெரும்பாலும் முன்னையது. எந்த ஊழியரிடம் எப்பொழுது பேச வேண்டும், எந்தக் கடனாளி சொன்ன தவணைக்குத் தருவார் என்பன அவருக்குத் தெரியும். எவ்வாறு தெரியும் எனக் கேட்டால் விடை வராது. 1983 இல் டொனால்ட் ஷோன், செயலின்போதே நிகழும் சிந்தனை என இதனை விளக்கி, தொழிலாளுநரின் அறிவுக்குப் பல்கலைக்கழகத்தினுள் மதிப்புத் தேடினார். தொழில்சார் கலாநிதிப் பட்டத்துக்கு ஆதரவாக இன்று கூறப்படும் நியாயங்கள் பல அவரிடமிருந்து பெறப்பட்டவையே. ஆயினும், அனுபவம் அறிவுக்கு மூலமாக இருப்பது போலவே அறிவுக்குத் தடையாகவும் இருத்தல் கூடும் என்பது இந்நியாயங்களில் அழுத்தம் பெறுவதில்லை. இருபது ஆண்டுகள் ஒருவரது சொல்லே இறுதிச் சொல்லாக இருந்த அலுவலகத்தில், அவரது பிழையை அவருக்கு எடுத்துரைத்திருக்கக்கூடியவர் எவர்?

வலிகாமத்துக் கூட்டுறவுச் சங்கமொன்றின் பொது முகாமையாளர் இத்தகைய ஆய்வில் இறங்குகின்றார் எனக் கொள்ளலாம். வெங்காயச் செய்கையாளருக்கு வழங்கிய கடன் உரிய காலத்தில் மீளாமையே அவரது ஆய்வுப் பொருள். உறுப்பினரின் அசட்டையே காரணம் என்பது அவர் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் துணிபு. ஆய்வோ வேறொன்றைக் காட்டுகின்றது. அவரே வகுத்த தவணை, அறுவடை முடிந்தவுடன், எல்லோரும் ஒருங்கே விற்பதால் விலை வீழ்ந்திருக்கும் நாளில் வந்து விழுகின்றது. வெங்காயத்தைக் கட்டித் தூக்கிச் சில வாரம் பேணி விற்க வழியற்றவன் கடனை அடைக்க நகையை அடகு வைக்கின்றான், அல்லது தவணையைத் தப்ப விடுகின்றான். ஆய்வின் பெறுபேறு ஆய்வாளரையே குற்றவாளியாக நிறுத்துகின்றது. இந்நிலையில் அவர் அதனை உள்ளவாறே எழுதுவாராயின், அக்கல்வி மெய்யான கல்வி. வினாக்கொத்தைத் திருத்தி, மாதிரியை மாற்றி, தம் பழைய துணிபுக்கு அட்டவணைகள் தேடுவாராயின், கலாநிதிப் பட்டம் கிடைப்பினும் அவர் கற்றது எதுவுமில்லை. இரண்டு ஆய்வேடுகளும் ஒரே கட்டமைப்பில், ஒரே தடிப்பில், ஒரே நிறக் கட்டுடன் நூலகத்தில் அடுத்தடுத்து இருக்கும்.

இவ்வுதாரணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அறவியலாளர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது அதனையே. கடன் பகுதி எழுதுவினைஞரிடம் முகாமையாளர் கருத்துக் கேட்கின்றார். விருப்பமின்றேல் விடையளிக்க வேண்டியதில்லை என்ற சம்மதப் படிவமும் வைக்கப்படுகின்றது. ஆனால், படிவத்தை நீட்டும் கையே சம்பள ஏற்றத்துக்குச் சிபாரிசு எழுதும் கையும் ஆகும். அவ்வெழுதுவினைஞர் மறுத்தல் கூடுமா? பெயர் மறைத்தாலும், மூவர் பணிபுரியும் பகுதியில் யார் சொன்னது என்பதை அறிய எவ்வளவு நேரம் செல்லும்? வெளியிலிருந்து வரும் ஆய்வாளனுக்கு நிறுவனத்தின் உள் புலப்படாது. உள்ளிருப்பவருக்கோ உண்மை சொல்லப்படாது. பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுக்கள் இதற்குச் சில பரிகாரங்களை விதிக்கின்றன: மூன்றாமவர் ஒருவரைக் கொண்டு செவ்வி காணுதல், தம் ஆணைக்கு உட்படாத கிளையொன்றை ஆராய்தல் என்பன அவை. இவை பயனுள்ளவையே. எனினும் அதிகாரத்தை அலுவலக வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு ஆய்வாளனாக உட்புக எந்தப் படிவமும் உதவாது. ஆய்வின் பொருட்டுக் கேட்ட சொல் நிர்வாகத்தின் பொருட்டு நினைவில் நிற்கத்தான் செய்யும். ஓர் எழுதுவினைஞர் நம்பிச் சொன்னதை அடுத்த ஆண்டு இடமாற்றப் பட்டியல் தயாரிக்கும்போது மறந்திருக்க வேண்டிய கடமை அந்த முகாமையாளருக்கு உண்டு. அக்கடமையைச் சோதிக்க வல்ல பரீட்சகர் எவருமிலர்.

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இல் தன் பட்டங்களை வெளிவாரியாகவும் பெற வழி திறந்தபின், குப்பி விளக்கொளியிற் படித்துப் பட்டதாரியான ஆசிரியரும் எழுதுவினைஞரும் இங்கு பலர். செமினறி இருந்த அதே வளவில் 1872 முதல் இயங்கிவரும் யாழ்ப்பாணக் கல்லூரியும் தன் பட்டதாரி வகுப்புகளில் அப்பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபொழுது அதன் விஞ்ஞான பீடம் முதலில் இடம் பெற்றதும் வட்டுக்கோட்டையிலேயே. ஆனால் வெளிவாரி மாணவர் கற்றது பிறர் வகுத்த பாடத்தை. தம்மையும் தம் கீழுள்ளோரையும் பாடமாக்கிக் கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. அதனால் எழும் பொறுப்பும் இருக்கவில்லை.

1855 இன் தூதுக்குழுவிடம் இன்னொரு கருத்தும் இருந்தது. ஆங்கிலக் கல்வி மாணவரைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கின்றது, ஆதலாற் கல்வி தாய்மொழியிலேயே அமைதல் வேண்டும் என்பது அது. அக்கருத்தின் பெயரால் உயர்கல்விக் கூடத்தையே மூடியது பேரிழப்பாயிற்று. எனினும் கருத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாது. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தபோது, அறிவைப் பெற்ற இடத்தில் விடாது அது பயன்படும் இடத்துக்குக் கொண்டு சேர்த்தார். மேற்கூறிய கூட்டுறவு முகாமையாளரின் ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படும். அதற்குத் தரவு தந்தவர்கள் வெங்காயத் தோட்டத்திலும் கடன் பகுதி மேசையிலும் இருக்கின்றனர். அவர்களுட் பலர் அதனை வாசிக்க மாட்டார். அப்படியொன்று எழுதப்பட்டதை அறியவும் மாட்டார். ஆய்வின் புதுமை, முறையியல், மேற்கோள் ஒழுங்கு ஆகியவை குறித்துப் பரீட்சைக் குழு நெடுநேரம் வினவும். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் அதன் சாரம் உறுப்பினர்முன் தமிழில் வாசிக்கப்படுமா, தவணைத் திகதி மாற்றப்படுமா என்று அங்கு வினவும் வழக்கமில்லை.