கடல் மட்டத்துக்காரன் பனியில் ஏறக் கூடாதா?

கேதார்கந்தா வீடியோ உன் போனில் ஓடுகிறது. வெள்ளைச் சரிவு. முதுகில் பையோடு வரிசையாக நடக்கிறார்கள். பார்க்கிறாய். பெருமூச்சு விடுகிறாய். அடுத்த வீடியோவுக்குப் போகிறாய்.

எத்தனை வருஷமாக?

"நாங்க கொச்சி மட்டாஞ்சேரிக்காரங்க. ஜனவரி விடியற்காலையிலயும் இங்க வேர்க்குது. எங்களுக்கு எதுக்கு பனியும் மலையும்?"

அடடா, எவ்வளவு வசதியான சாக்கு!

சென்னைக்குத் தெற்கே கோவளம். மீனவர் ஊர். அங்கே அலைச்சறுக்கு விளையாடிய ராஜசேகர் பச்சை, 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அவர் ஊர் உன் பஜார் ரோட்டைவிட உயரமா?

அதே மாதம் முத்தமிழ்ச்செல்வியும் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் தொட்ட முதல் பெண். எந்த மாவட்டம்? விருதுநகர்! வெயிலுக்குப் பேர் போன மண். அங்கே எந்தப் பனி அவரைப் பழக்கியது?

உன்னை நான் எவரெஸ்டுக்கா அனுப்புகிறேன்? கேதார்கந்தா, உத்தரகண்டில், உத்தரகாசி மாவட்டத்து சாங்க்ரி கிராமத்தில் தொடங்கும் தடம். உச்சி சுமார் 12,500 அடி. குளிர்காலத்தில், முதல்முறை பனி மிதிக்க வருகிறவர்கள் தேடிப் போகிற மலை. அதற்கே இத்தனை தயக்கமா?

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும்!

"பயப்படாதே" என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிற பேச்சாளர்கள் மேடையை விட்டு இறங்கியதும் ஏசி காரில் ஏறிப் போய்விடுவார்கள். மலைக்குப் போகப்போவது நீ.

2024 ஜூன். அதே உத்தரகண்டில் சஹஸ்ரதால் தடம். கர்நாடகத்திலிருந்து போன குழு கடும் பனிக்காற்றில் மாட்டிக்கொண்டது. 9 பேர் உயிரோடு திரும்பவில்லை. ஜூன் மாதத்தில்!

ஆகவே பயப்படு. ஆனால் பயந்துகொண்டே படு என்று யார் சொன்னது? எழுந்து உட்கார்! எதற்குப் பயம்? குளிருக்கா? குளிர் ஒரு மனிதனை எப்படிப் பிடிக்கிறது என்று என்றைக்காவது விசாரித்தாயா?

கேள். பனியிலும் வேர்க்கும். ஏற்றத்தில் நடந்தால் மைனஸ் ஐந்திலும் முதுகு நனையும். உன் பருத்தி பனியன் அந்த வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நீ நின்றாயோ போச்சு! தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உன் உடம்புச் சூட்டை உன் பனியனே களவாடும்.

நம்பவில்லையா? ஃபோர்ட் கொச்சி வேளியில் இருக்கும் டோபிகானாவுக்கு ஒரு நடை போய்ப் பார். நம் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கிற இடம். அடைமழைக் காலத்தில் எது காயும், எது காயாது என்று அவர்களைக் கேள். பாலியஸ்டர் சட்டை காய்ந்து இஸ்திரிக்கே போயிருக்கும். ஜீன்ஸ் இன்னும் கயிற்றில் சொட்டிக்கொண்டிருக்கும்.

பல்கலைக்கழகம் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீதான் போகவில்லை!

ஜீன்ஸை வீட்டில் வை. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ, அதுதான் முதல் அடுக்கு. அதன் மேல் ஃப்ளீஸ். நிற்கும்போதும் முகாமிலும் போட்டுக்கொள்ள இறகு அடைத்த ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் ஈரமும் புகாத ஒன்று.

ஒரே ஒரு குண்டு ஜாக்கெட் வாங்கிக்கொண்டு போகிற ஆளா நீ? போட்டால் வேர்வை, கழற்றினால் நடுக்கம். நாள் முழுக்க இதே கூத்துதான்.

கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும். பத்து நிமிஷம் நட. உடம்பு தானாகச் சூடேறும். வேர்க்கும் முன் ஒன்றைக் கழற்று. நிற்கும் முன் ஒன்றைப் போடு. சோம்பேறிக்கு இது முடியாது. உனக்கு?

ஷூ விஷயத்தில் ஏமாறாதே. கணுக்காலைப் பிடிக்க வேண்டும், நீர் உள்ளே வரக் கூடாது. தடித்த கம்பளி சாக்ஸ் போட்ட பிறகும் விரல் அசைய இடம் வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத விரலைத்தான் பனிக்கடி முதலில் தேடி வரும்.

புத்தம் புது ஷூவோடு மலைக்குப் போகாதே! ஜூ டவுன் தெருவில் போட்டு நட. கொதிக்கிற வெயிலில் இவன் எதற்குப் பனி ஷூ போட்டிருக்கிறான் என்று நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! உன் கொப்புளத்துக்கு அவர்களா மருந்து போடுவார்கள்?

ஷூவுக்குள் பனி விழாமல் காலில் கெய்ட்டர். கெட்டிப்பட்ட பனியில் வழுக்காமல் இருக்க மைக்ரோஸ்பைக். இரண்டையும் மாட்டக் கற்றுக்கொள். உறைந்த விரலோடு இருட்டில் கற்றுக்கொள்ள முடியாது.

கருப்புக் கண்ணாடி ஃபேஷனுக்கு என்று நினைத்தாயா? புதுப்பனி, புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண் எரிந்து, நீர் வழிந்து, திறக்கவே முடியாமல் போகும். கதிரைத் தடுக்கிற கண்ணாடிதானா என்று பார்த்து வாங்கு. தலை விளக்கின் பேட்டரியை இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள், குளிரில் சீக்கிரம் செத்துவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகு, மூடிப் பக்கம் உறையாது.

"இதுக்கெல்லாம் பணம்?"

வந்துவிட்டாயா! அடுத்த சாக்கு.

சாங்க்ரியிலேயே ஷூ, கெய்ட்டர், ஸ்பைக், ஜாக்கெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். உள் அடுக்கும் சாக்ஸும் மட்டும் உன் சொந்தமாக இருக்கட்டும்.

இன்னொரு வகை ஆளும் உண்டு. எல்லாவற்றையும் வாங்கிவிடுவார். பில்லைப் பார்த்துப் பாதி மலை ஏறிவிட்டதாகப் பூரிப்பார். மூட்டை அலமாரியில் கிடக்கும். எனக்கு இவர்மேல்தான் அதிகக் கோபம். இல்லாதவன் வாடகைக்காவது தேடுவான்!

ஒன்று மட்டும் எந்தக் கடையிலும் வாடகைக்குக் கிடைக்காது. நுரையீரல்.

கேதார்கந்தா உச்சியில் காற்றழுத்தம், நீ இப்போது மூச்சு விடுகிற இடத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. உச்சிக்கு ஏறும் நாள், அதிகாலை 3 மணி. தலையில் விளக்கு. குளிர் மைனஸ் பத்தையும் தாண்டலாம். அந்த நேரத்தில் உன் ஜாக்கெட்டின் விலையா உன்னைத் தூக்கிப் போகும்?

பஜார் ரோட்டுக் கிடங்குகளைப் பார். அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சுமட்டுத் தொழிலாளி போகிறார். உன் அப்பா வயது. நாள் முழுக்க அதே வேலை. உனக்குப் பத்துக் கிலோ பை கனக்கிறதா?

மேடு இல்லாத ஊர் என்று சொல்லாதே. படி இருக்கிறது, பாலம் இருக்கிறது. தோப்பும்படி வரை நட, திரும்பி நட. நாலு மணி நேரப் பயணத்தில் மூணாறு. கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி வாங்கி மீசைப்புலிமலை ஏறு. 2,640 மீட்டர். ஜனவரியில் மூணாற்றுப் புல்வெளியில் உறைபனி விழுகிறது. உன் ஃப்ளீஸையும் ஷூவையும் அங்கே சோதித்துப் பார். தவறினால் அங்கே தவறு. மாலையே கீழே இறங்கிவிடலாம்.

"இவ்வளவும் செய்து, உச்சிக்குப் போக முடியாமல் திரும்பினால்?"

திரும்பு!

தலை பிளக்கிறது, குமட்டுகிறது, கால் தள்ளாடுகிறது என்றால் அதற்கு மேல் ஓர் அடி வைக்காதே. கீழே இறங்கு. வழிகாட்டி "போதும்" என்றால் வாதாடாதே. மலை அடுத்த டிசம்பரிலும் இருக்கும். உன் கால் விரல்கள் இருக்குமா?

கொழும்பில் முடி திருத்தும் கலைஞர் ஜோஹான் பீரிஸ். 2016-இல் ஜயந்தி குரு உதும்பலவோடு எவரெஸ்டுக்குப் போனார். ஜயந்தி உச்சியைத் தொட்டார், இலங்கையின் முதல் ஆள். ஜோஹானோ உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே, ஆக்சிஜன் போதாமல் திரும்பினார். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விட்டுவிட்டு இறங்குவது எப்படி இருந்திருக்கும்?

தீவுக்குத் திரும்பினார். மறுபடி பயிற்சி எடுத்தார். 2018 மே மாதம் அதே உச்சியில் நின்றார்!

அவருக்கு இரண்டு வருஷம். நீ முதல் அடியே வைக்கவில்லை. அதற்குள் தோல்வியைப் பற்றி என்ன பேச்சு?

வீட்டில் அரிசி இருக்கிறதா? எட்டுக் கிலோ பையில் போடு. முதுகில் மாட்டு. மொட்டை மாடிப் படி எத்தனை? பத்துத் தடவை ஏறி இறங்கு. மூச்சு வாங்கினால் நில், தண்ணீர் குடி, பதினோராவது தடவை ஏறு. நாளைக்கு என்று சொல்லாதே. இப்போது மணி என்ன?